தூதரகத்தின் மௌனமும் நம் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சற்று முன் நம் செயலாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். பைத்துல்மால் கடன் பட்டியலில், 'வெளிநாட்டுப் பயணச் செலவு' என்ற தலைப்பின் கீழ் 40,000 ரூபாய் நிலுவை என்று வாசித்ததைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தக் கடனுக்குச் சிபாரிசு செய்தவன் நான். ஆகவே அது ஏன் நிலுவையாக நிற்கிறது என்று விளக்கும் கடமையும் எனக்கே உரியது. இன்று எனக்களிக்கப்பட்ட நேரத்தை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். பெயர் வேண்டாம். கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கை வேலையோ அருமையானது. சவூதியில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை இருப்பதாக, தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவரை அணுகினார். கேட்ட தொகை 1,20,000 ரூபாய். தாயாரின் நகையை அடகு வைத்து 50,000, கைச் சேமிப்பு 30,000, நம் பைத்துல்மாலிலிருந்து 40,000. ஆக மொத்தமும் கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டையும் கொடுத்தார். மருத்துவச் சோதனையும் முடிந்தது. 'எந்த நேரமும் விசா வரும், தயாராக இரு' என்ற சொல்லை நம்பிப் பட்டறை வேலையையும் விட்டுவிட்டார்.

அதன் பின் ஒன்பது மாதங்கள். வாரந்தோறும் ஜும்ஆ முடிந்ததும் என்னிடம் வருவார். "எம்பசியிலிருந்து இன்னும் பதில் வரலீங்க ஹஜ்ரத், துஆச் செய்யுங்க" என்பார். நானும் துஆச் செய்வேன். "பொறுமையாக இருங்கள் தம்பி" என்று சொல்லி அனுப்புவேன். ஒரு முறையேனும் 'எந்தக் காகிதம், எங்கே, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது?' என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் அவருடைய தாயார் மதரஸா வாசலுக்கு வந்து நின்றார்கள். "பையன் ஊட்ட உட்டு வெளியவே வரமாட்டேங்கறானுங்க ஹஜ்ரத். பாக்கறவங்கெல்லாம் எப்பப் பயணம், எப்பப் பயணம்னு கேக்கறாங்களாமுங்க" என்று சொல்லி அழுதார்கள். அன்றுதான் எனக்கு உறைத்தது. ரியாதில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நம் குழு உறுப்பினர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அந்தத் தம்பியின் வீட்டுக்குச் சென்றேன். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். விசா எண் என்ன? நம் நாட்டில் யார் பெயருக்கு அந்த நிறுவனம் அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறது? தூதரகத்தில் விண்ணப்பம் சேர்ந்த தேதி எது? மூன்றுக்கும் விடை இல்லை.

மறுநாள் மூவருமாக அந்த நபரைத் தேடிப் போனோம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் மேசை அறையைத் திறந்தார். தம்பியின் பாஸ்போர்ட் அங்கேயே இருந்தது. மருத்துவச் சான்றிதழும் அதற்குள்ளேயே, காலாவதியாகி, மடித்து வைக்கப்பட்டிருந்தது. எந்தத் தூதரகத்துக்கும் எந்த விண்ணப்பமும் போகவில்லை.

பெருமக்களே! தூதரகம் ஒன்பது மாதம் மௌனமாக இருந்தது என்று நாம் நினைத்தோம். உண்மையில் அந்தத் தூதரகத்திடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. இதைத்தான் இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 'எம்பசி பதில் தரவில்லை' என்று ஒருவர் சொன்னால், பொறுமையைப் போதிப்பதற்கு முன், காகிதம் எங்கே நிற்கிறது என்று கண்டறிய வேண்டும்.

விடை தரவேண்டியவர் யார்?

எல்லா நாட்டு வேலைக்கும் தூதரகமே விசா தருகிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது சரியன்று. நாட்டுக்கு நாடு முறை வேறுபடுகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துபாய், ஷார்ஜா, அபுதாபி எல்லாம் அதில் அடக்கம். அங்கே வேலை தரும் நிறுவனம் அந்நாட்டின் மனிதவள அமைச்சகத்தில் விண்ணப்பிக்கிறது. முதலில் சம்பளமும் வேலையும் குறிப்பிட்ட வேலைவாய்ப்புக் கடிதம் வருகிறது. தொழிலாளி அதில் கையொப்பமிடுகிறார். அதன் பின் நுழைவு அனுமதி மின்னஞ்சல் வழியாகவே வந்து சேர்கிறது. தில்லியிலுள்ள அமீரகத் தூதரகம் இதில் முத்திரை குத்துவதில்லை. ஆகவே, 'துபாய் வேலை விசா எம்பசியில் மாட்டிக்கொண்டது' என்று எவரேனும் சொன்னால், அந்தச் சொல்லே ஐயத்துக்குரியது.

சிங்கப்பூரும் அப்படியே. அங்கே மனிதவள அமைச்சு முதலாளியின் விண்ணப்பத்தைப் பார்த்துக் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் தருகிறது. அக்கடிதத்தின் எண்ணைக் கொண்டு, அந்த அமைச்சின் இணையத்தளத்திலேயே அது மெய்யா பொய்யா என்று பார்த்துவிடலாம். மலேசியாவில் முதலில் அந்நாட்டின் குடிநுழைவுத் துறை ஒப்புதல் தரவேண்டும்; அது இல்லாமல் தூதரகத்தில் காத்திருப்பதில் பொருளில்லை.

கத்தாருக்கு 2019 முதல் வேறொரு முறை வந்துள்ளது. கத்தார் விசா மையம் என்ற பெயரில் சென்னை, கொச்சி உள்ளிட்ட நம் நாட்டு நகரங்களில் மையங்கள் திறக்கப்பட்டன. நிறுவனம் கத்தாரில் விண்ணப்பித்த பின், தொழிலாளி அங்கே நேரில் சென்று விரல் ரேகை பதிகிறார். மருத்துவச் சோதனையும் அங்கேயே நடக்கிறது. வேலை ஒப்பந்தத்தைத் தம் மொழியில் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறார். கோவையிலிருந்து புறப்படுவதற்கு முன்பே தன் சம்பளம் எவ்வளவு என்று அவர் அறிந்துகொள்ள முடிகிறது. விசா மையத்தின் கட்டணத்தை முதலாளியே செலுத்துகிறார்.

சவூதிக்கு மட்டும் இன்றும் தூதரகத்தின் பங்கு பெரிது. அங்குள்ள நிறுவனத்துக்கு அரசு விசா ஒதுக்குகிறது. நிறுவனம் இங்குள்ள பதிவு பெற்ற ஏஜென்சியின் பெயருக்கு, நம் மக்கள் 'வக்காலா' என்று சொல்லும் அதிகாரப் பத்திரத்தை மின்வழியில் அனுப்புகிறது. பிறகு, முன்பு காம்கா என்றும் இப்போது வாஃபித் என்றும் அழைக்கப்படும் வளைகுடா மருத்துவச் சோதனை, விரல் ரேகை, உரிய தொழில்களுக்குத் திறன் சோதனை எல்லாம் முடிந்து, அந்த ஏஜென்சி வழியாகவே தில்லித் தூதரகத்துக்கோ மும்பைத் துணைத் தூதரகத்துக்கோ விண்ணப்பம் போகிறது. தனி ஆள் நேரில் போய் வேலை விசாவுக்கு மனுக் கொடுக்க அங்கே வழியில்லை. 2023 மே மாதம் முதல் இந்தியர்களின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டும் வழக்கமும் நின்றுவிட்டது. இப்போது வருவது கியூஆர் குறியீடு பதித்த ஒரு தாள். 'ஸ்டாம்பிங்குக்காகப் பாஸ்போர்ட் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறது' என்று சொல்பவரிடம் இதை நினைவூட்டுங்கள். சவூதி வெளியுறவு அமைச்சகத்தின் விசாத் தளத்தில் விண்ணப்ப எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் பதிந்தால், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணே தராத ஏஜென்ட் விண்ணப்பமே தரவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

மெய்யான தாமதங்களும் உண்டு

எல்லாத் தாமதமும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அது அநீதியான பேச்சாகிவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, தூதரகங்கள் கதவடைத்தன. விசா அடித்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களும் விடுமுறையில் வந்தவர்களும் இங்கேயே தங்கிவிட நேர்ந்தது. இந்தியாவிலிருந்து நேரடியாகச் சவூதிக்குள் நுழைய எல்லோருக்கும் பொதுவான அனுமதி 2021 டிசம்பர் 1 முதல்தான் கிடைத்தது. அந்நாளில் எவரையும் குறை சொல்ல இடமில்லை.

2022இல் வேறொரு சிக்கல் வந்தது. சவூதி வேலை விசாவுக்குக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கட்டாயம் என்று ஆனது. பாஸ்போர்ட் அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று, இந்தியர்களுக்கு அச்சான்றிதழ் தேவையில்லை என்று தில்லியிலுள்ள சவூதித் தூதரகமே அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்தவர்கள் பயணப்பட்டார்கள். படிக்காதவர்கள் சான்றிதழுக்காக அலைந்தார்கள். 2025 ஜனவரி 14 முதல் கல்வித் தகுதியையும் தொழில் தகுதியையும் முன்கூட்டியே சரிபார்க்கும் முறையைச் சவூதி நடைமுறைப்படுத்தியது. சான்றிதழில் உள்ள படிப்பும் விசாவில் எழுதிய தொழிலும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே விண்ணப்பம் நின்றுவிடும். சான்றிதழ்களில் மேலொப்பம் பெறும் முறையும் மாறியிருக்கிறது. அப்போஸ்டில் உடன்படிக்கை சவூதியில் 2022 டிசம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்ததால், நம் வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் அங்கே ஏற்கப்படுகிறது. இவற்றை எல்லாம் தெருமுனைப் பேச்சில் அறிந்துகொள்ள முடியாது. தூதரகத்தின் அறிவிப்பையே நேரில் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல நம் ஜமாஅத்தில் பட்டதாரிகளுக்கா பஞ்சம்?

கேட்கும் முறை

தாமதம் என்று தெரிந்தால் யாரிடம், எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

முதலாவது, வேலை தரும் நிறுவனம். விசாவுக்குச் சொந்தக்காரர் அவரே. தூதரகம் நம் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம். ஆள் தேவைப்படும் முதலாளி தன் நாட்டு அலுவலகத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். நிறுவனத்தின் பெயரும் மனிதவளப் பிரிவின் மின்னஞ்சலும் தெரியாமல் ஒருவர் பணம் கட்டியிருந்தால், அவர் எந்த வேலைக்குப் பணம் கட்டினார் என்பதே அவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

இரண்டாவது, ஏஜென்சி. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மைய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் மெய்யா என்று 'இமைகிரேட்' என்னும் அரசுத் தளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு பெற்றவர் தொழிலாளியிடம் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாய்க்கு மிகலாகாது; அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். அதாவது 18 விழுக்காடு சேர்த்தாலும் 35,400 ரூபாய். நம் தம்பி கொடுத்தது எவ்வளவு என்று தாங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணத்துக்கு ரசீது தரவேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊரூராகச் சுற்றும் துணை ஏஜென்டுகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

மூன்றாவது, தூதரகம். எழுதுவதைச் சுருக்கமாக எழுதுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், விண்ணப்ப எண், சேர்த்த தேதி, ஏஜென்சியின் பெயர், வேலை தரும் நிறுவனத்தின் பெயர், பிறகு ஒரே கேள்வி: என் விண்ணப்பத்தில் ஏதேனும் குறை உள்ளதா? அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை எழுதினால் படிப்பவர் கேள்வியைத் தேடும்படி ஆகிவிடும். பதினைந்து நாள் கழித்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நம் அரசு. இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். விசா தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் உரிமை. நம் வெளியுறவு அமைச்சகமோ, ஆட்சியரோ, சட்டமன்ற உறுப்பினரோ பிற நாட்டுத் தூதரகத்தைப் பார்த்து 'விசா கொடு' என்று கட்டளையிட முடியாது. 'எனக்கு எம்பசியில் ஆள் இருக்கிறது' என்று சொல்லி மேலும் பணம் கேட்பவரை அதனாலேயே நம்பாதீர்கள். ஆனால் நம் அரசால் இயல்வதும் உண்டு. அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதி, அந்த நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்கலாம். ஏஜென்ட் ஏமாற்றினால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் தரலாம். மாநில அரசில் அயலகத் தமிழர் நலத்துக்கென்று தனி ஆணையரகம் இருக்கிறது. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இயங்குகிறது. அரசே நடத்தும் ஏஜென்சி அது. தெருவோரம் ஒட்டிய நோட்டீஸை நம்புவதற்கு முன், அந்த நிறுவனத்தில் ஒரு முறை விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

நம் பிள்ளைகளில் பொறியியலும் செவிலியர் படிப்பும் முடித்தவர்கள் இப்போது ஜெர்மனியை நோக்குகிறார்கள். திறன்மிக்க இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்நாடு அறிவித்தது. அங்கே சட்டம் வேறு விதமாக இருக்கிறது. தக்க காரணமின்றி மூன்று மாதம் கடந்தும் தூதரகம் முடிவு சொல்லாவிட்டால், பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே முதல் விண்ணப்பத்தையே முழுமையாகக் கொடுப்பது அவர்களுக்கு முன்னிலும் அவசியமாகிவிட்டது. வளைகுடாவில் இப்படிப்பட்ட வழக்குரிமை நமக்கு இல்லை. அங்கே நம் பாதுகாப்பெல்லாம் பணம் கட்டும் முன் நாம் செய்யும் விசாரணையில்தான் இருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில்

விசாத் தாள் கைக்கு வந்து, அது சரிபார்க்கப்படும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்தால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். பாஸ்போர்ட் மைய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. பணத் தகராறுக்காக அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமையில்லை. விசாவில் எழுதியிருக்கும் தொழிலைப் படித்துப் பாருங்கள். லேத் வேலை என்று சொல்லி, தாளில் ஆடு மேய்ப்பவர் என்று இருந்தால் அங்கே போன பின் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'எம்பசி தாமதிக்கிறது, இப்போதைக்கு விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்ற யோசனைக்கு இணங்காதீர்கள். பொறுமை இழந்தவரைப் பார்த்துத்தான் இந்த வலை விரிக்கப்படுகிறது. 2022இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட நம் தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் மோசடிக் கும்பல்களின் பிடியில் சிக்கினார்கள். இணையவழியில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்கள் படித்தவர்கள். படிப்பு மட்டும் இத்தகைய வலையிலிருந்து காப்பாற்றிவிடாது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்பது பலருக்குத் தொல்லையாகத் தோன்றுகிறது. அது நமக்கு இடப்பட்ட வேலி. அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் சேர்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போகிறவருக்கு இந்த அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அங்கே ஏதேனும் நேர்ந்தால் இங்கே அவருடைய மனைவி மக்களிடம் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

பொறுமை என்பது என்ன?

இறுதியாக என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதரஸாவில் பொறுமையைப் பற்றி நான் பாடம் படித்திருக்கிறேன். பாடம் நடத்தியும் இருக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டும்படி நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழிகாட்டியதை எத்தனை ஜும்ஆவில் நான் சொல்லியிருப்பேன்! அல்பகரா அத்தியாயத்தில், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியதுதான் என்பதையும் அறிவேன். அறிந்திருந்தும், கயிறு எங்கே என்று அந்தத் தம்பியிடம் நான் கேட்கவில்லை. பைத்துல்மால் பணத்துக்குச் சிபாரிசு செய்தபோது ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய ஒன்பது மாதத்தில் எனக்கும் பங்குண்டு. அதற்காக அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இன்று ஜமாஅத்திடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அல்ஹம்து லில்லாஹ், பாஸ்போர்ட் அன்றே கைக்கு வந்துவிட்டது. எழுத்து மூலம் புகார் தயாரான பிறகு, பணத்தில் பாதி, அதாவது 60,000 ரூபாய், இரு தவணைகளில் திரும்பி வந்தது. அதைக் கொண்டு முதலில் தாயாரின் நகையை மீட்கும்படி நானே சொன்னேன். அசலும் வட்டியும் அதற்கே சரியாகப் போய்விட்டன. மீதிப் பணத்துக்கான புகார் நடந்துகொண்டிருக்கிறது. தம்பி மீண்டும் லேத்தில் நிற்கிறார். ஜமாஅத் கடனை மாதம் 2,000 ரூபாய் வீதம் அடுத்த மாதத்திலிருந்து திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். 'இவ்வளவு நடந்த பிறகுமா?' என்று கேட்பீர்கள். அவருக்கு இன்னும் சஃபர் போகும் எண்ணம் இருக்கிறது. போகட்டும். ஹலாலான வாழ்வாதாரத்தைத் தேடிப் பூமியில் பரவிச் செல்வது நமக்கு அனுமதிக்கப்பட்டதே. இம்முறை காகிதங்களோடு போவார், இன்ஷா அல்லாஹ்.

நிர்வாகக் குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பைத்துல்மால் கடன் கேட்பவர், வேலைவாய்ப்புக் கடிதம், ஏஜென்சியின் பதிவு எண், விசா எண் ஆகிய மூன்றையும் காட்டிய பிறகே கடன் வழங்கப்பட வேண்டும். யார் சிபாரிசு செய்தாலும் சரி, இமாமே சிபாரிசு செய்தாலும் சரி. இரண்டு, ஞாயிறுதோறும் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம், வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய சகோதரர் ஒருவரும் கணினி அறிந்த இளைஞர் ஒருவரும் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர்ந்து காகிதங்களைச் சரிபார்த்துத் தரவேண்டும். நம் ஜமாஅத்தார் மட்டுமன்றி, இந்தத் தெருவில் வாழும் எந்தச் சமயத்தவரும் வரலாம்; ஏமாற்றுபவன் மதம் பார்த்து ஏமாற்றுவதில்லை. மூன்று, தாய்மார்களே, இது தங்களுக்கு. நகையைக் கழற்றித் தருவதற்கு முன், 'அந்த விசா நம்பரைக் காட்டு' என்று கேளுங்கள். பிள்ளைமீது நம்பிக்கை இல்லாமல் கேட்கும் கேள்வியாக அதை எவரும் எண்ண வேண்டாம்.

இனி எவரேனும் என்னிடம் வந்து, 'எம்பசியிலிருந்து பதில் வரவில்லை, துஆச் செய்யுங்கள்' என்றால், நிச்சயம் துஆச் செய்வேன். அதற்கு முன் 'காகிதத்தைக் கொண்டு வாருங்கள், இருவரும் பார்ப்போம்' என்பேன்.

காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் நல்ல வழியைத் திறப்பானாக! அயல்மண்ணில் உழைப்பவர்களை நலமுடன் அவர்களுடைய இல்லங்களுக்குத் திருப்பித் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.